படிக்காத பிள்ளைகளுக்காகப் பிறந்த புத்தகம்



தோட்டத்தில் வாழும் பெற்றோர்களுக்கும், தோட்டத்தை விட்டு வந்து பட்டணத்து ஓரங்களில் குடியேறியிருக்கும் பெற்றோர்களுக்கும் இன்று ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அது பாடப் புத்தகம் அன்று. அதிலிருந்து தேர்வில் கேள்வி வராது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீங்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டிய புத்தகம் அது. அதன் பெயர் பஞ்சதந்திரக் கதைகள்.

"இதைச் சொல்லத்தானா வந்தீர்கள்? சிங்கமும் முயலும், குரங்கும் முதலையும் எங்களுக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். பள்ளியில் துண்டு துண்டாகப் படித்திருப்போம். ஆனால் அந்தப் புத்தகம் யாருக்காகப் பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் அரசன் இருந்தான். வடமொழி நூலில் அவன் பெயர் அமரசக்தி. தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்ற ஊரில் இருந்து ஆண்டான் என்று அந்த நூல் சொல்கிறது. நீங்கள் வாங்கும் தமிழ்ப் பதிப்பில் இந்தப் பெயர்கள் வேறாக இருக்கலாம், கதை ஒன்றுதான். அரசனுக்கு மூன்று பிள்ளைகள். மூவருக்கும் படிப்பு ஏறவில்லை. புத்தகத்தைக் கண்டால் ஓடினார்கள். இலக்கணத்தை மட்டும் கற்கவே பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும், அதன் பிறகுதான் மற்ற நூல்கள் என்று அரண்மனைப் பண்டிதர்கள் கணக்குச் சொன்னார்கள். அப்போது விஷ்ணுசர்மா என்ற முதிய ஆசிரியரிடம் பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டார்கள். ஆறு மாதத்தில் இவர்களை அறிவுள்ளவர்களாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். பரிசாக நிலம் தருவதாக அரசன் சொன்னபோது, கல்வியை நான் விலைக்கு விற்பதில்லை என்று மறுத்துவிட்டார்.

அவர் பிரம்பை எடுக்கவில்லை. கதை சொன்னார். காகம், நரி, எலி, ஆமை, குரங்கு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு கதைக்குள் இன்னொரு கதை, அதற்குள் மற்றொன்று என்று கோத்துக்கொண்டே போனார். அந்தக் கதைகளின் தொகுப்புத்தான் பஞ்சதந்திரம். 'மக்கு' என்று ஒதுக்கப்பட்ட மூன்று பிள்ளைகளுக்காக, ஓர் ஆசிரியர் தம் வாயால் சொல்லிப் பிறந்த புத்தகம் இது.

பெற்றோர்களே, நான் இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? "என் பையனுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது டீச்சர்" என்று பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே என்னிடம் சொல்லும் பெற்றோர் உண்டு. பிள்ளை தலை குனிந்து நிற்கும். அந்தச் சொல் மட்டும் அதன் மண்டையில் நன்றாக ஏறிவிடும். அத்தகைய பிள்ளைக்கு ஏற்ற மருந்து எது என்று பழங்காலத்திலேயே ஒருவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். நாம்தான் அதை எடுத்துப் பயன்படுத்துவதில்லை.

இந்தப் புத்தகம் சென்று வந்த தூரத்தையும் சிறிது கேளுங்கள். 6ஆம் நூற்றாண்டிலேயே இது பாரசீக நாட்டுக்குப் போய் அந்நாட்டு மொழியில் எழுதப்பட்டது. 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா என்பவர் அதை அரபு மொழிக்குக் கொண்டுவந்தார். 'கலீலா, திம்னா' என்ற இரண்டு நரிகளின் பெயரால் அது அரபு நாடுகளெங்கும் புகழ் பெற்றது. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. 1570இல் ஆங்கிலத்திலும் அச்சாயிற்று.

நம் நாட்டுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் ஓர் உறவு இருக்கிறது. அதை உங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், 1854இல் மறைந்தவர். அவருடைய முன்னோரில் அராபியரும் உண்டு, தமிழரும் உண்டு. சிறு வயதில் அவருடைய தந்தை அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். அந்நாளைய மலாக்காவில் கணக்கு வழக்குக்கும் வாணிபத்துக்கும் தமிழ் பயன்பட்டது. அப்படித் தமிழ் கற்ற அப்துல்லா, 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய் மொழிக்கு மாற்றினார். 'ஹிக்காயாட் பஞ்சா தந்தரன்' என்பது அந்நூலின் பெயர். ஆகவே, உங்கள் பிள்ளை படிக்கும் குரங்குக் கதையை, மலாய்க்காரப் பிள்ளைகளும் தமிழ் வழியாகவே ஒரு காலத்தில் படித்திருக்கிறார்கள். தமிழ் எதற்கு உதவும் என்று யாராவது பிள்ளையிடம் கேட்டால், சொல்வதற்கு நல்ல விடை இது.

சரி, கதை தெரிந்தால் வாயால் சொன்னால் போதாதா, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சொல்லவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

நம் வீட்டில் ஒரு தமிழ் பேசுகிறோம். புத்தகத்தில் வேறொரு தமிழ் இருக்கிறது. வீட்டில் நாம், "கொரங்கு மரத்துல ஒக்காந்திருந்துச்சு" என்கிறோம். புத்தகமோ, "குரங்கு மரத்தில் உட்கார்ந்திருந்தது" என்கிறது. நமக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். ஆனால் முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து உட்காரும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, இரண்டாவது தமிழ் புதிதாய் வந்த விருந்தாளி. எழுத்தைக் கூட்டவும் வேண்டும். கூட்டிய பின் வரும் சொல் எதுவென்று கண்டுபிடிக்கவும் வேண்டும். 'உட்கார்ந்திருந்தது' என்பதை எழுத்தெழுத்தாய்க் கூட்டி முடித்த பிறகும், அது தான் தினமும் சொல்லும் 'ஒக்காந்திருந்துச்சு'தான் என்று பிள்ளைக்குப் பிடிபடாது. அதோடு மலாயும் ஆங்கிலமும் அதே ஆண்டில் வந்து சேர்கின்றன. பிள்ளை திகைத்து நிற்கிறது. நாம் அதை 'மந்தம்' என்கிறோம்.

வீட்டில் யாராவது புத்தகத்தைப் படித்துக் காட்டக் கேட்ட பிள்ளைக்கு இந்தத் திகைப்புக் குறைவு. புத்தகத் தமிழ் அதன் காதுக்குப் பழகிய தமிழ். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில், கேட்டுப் பழகிய பிள்ளை யார், பழகாத பிள்ளை யார் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டில் பணம் இருக்கிறதா இல்லையா என்பது இதில் கணக்கில்லை. மடியில் உட்கார வைத்துப் படித்துக் காட்ட ஓர் ஆள் இருந்தாரா என்பதே கணக்கு.

இனி, எந்தக் கதையில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் குரங்கும் முதலையும். ஆற்றங்கரையில் ஒரு மரம். மரத்தில் ஒரு குரங்கு. கீழே வரும் முதலைக்கு அது தினமும் பழம் பறித்துப் போடுகிறது. இருவரும் நண்பர்களாகிவிடுகிறார்கள். முதலையின் மனைவிக்கோ குரங்கின் இதயத்தைத் தின்ன ஆசை. முதலை தன் நண்பனை விருந்துக்கு என்று முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது. நடு ஆற்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறது. இந்த இடத்தில் நிறுத்துங்கள். "நீ குரங்கா இருந்தா என்ன செய்வே?" என்று பிள்ளையைக் கேளுங்கள். ஒரு பிள்ளை, குதித்து நீந்துவேன் என்னும். ஒரு பிள்ளை அழும். விடை சரியா தப்பா என்று பார்க்காதீர்கள். அது யோசிக்கட்டும். பிறகு புத்தகத்தைத் தொடருங்கள். "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேனே, முன்னமே சொல்லக் கூடாதா?" என்று குரங்கு சொல்லும் இடத்தில் பிள்ளை கைதட்டிச் சிரிக்கும். ஆற்றைக் கடக்க முதலைகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணிய சாங் காஞ்சில் என்ற சருகுமான் கதையைப் பள்ளியில் மலாய்ப் பாடத்தில் கேட்ட பிள்ளையானால், "இதுவும் அதே மாதிரிதான்" என்று தானே சொல்லும்.

அடுத்து, வலையில் சிக்கிய புறாக்கள். தானியத்துக்கு ஆசைப்பட்டு இறங்கிய புறாக்கள் எல்லாம் வேடனின் வலையில் அகப்படுகின்றன. தனித்தனியே சிறகடித்துப் பார்க்கின்றன, முடியவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் எழும்புங்கள் என்கிறது புறாக்களின் அரசன். வலையோடு சேர்த்துப் பறந்துவிடுகின்றன. எலி நண்பனிடம் போய் இறங்குகின்றன. எலி முதலில் அரசனின் கட்டைக் கடிக்க வருகிறது. அரசன் தடுக்கிறான். முதலில் என் கூட்டத்தாரை விடுவி, கடைசியில் என்னை விடுவி என்கிறான். இந்தக் கதையைப் படிக்கும்போது வீட்டில் தாத்தா இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தோட்டத்தில் சங்கம் எதற்காக வந்தது, நல்ல தலைவன் என்பவன் யார் என்பதைப் பிள்ளைக்கு அவர் இந்தக் கதையை வைத்தே சொல்லிவிடுவார்.

மூன்றாவதாக, கீரிப்பிள்ளைக் கதை. இது பிள்ளைக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவு நமக்கும் உரியது. ஒரு வீட்டில் கைக்குழந்தையும் ஒரு கீரிப்பிள்ளையும் வளர்கின்றன. தாய் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். பாம்பு ஒன்று தொட்டிலை நோக்கி வருகிறது. கீரி அதோடு போராடிக் கடித்துக் கொன்றுவிடுகிறது. தான் செய்த நல்ல காரியத்தைச் சொல்ல வாயெல்லாம் இரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வருகிறது. தாய் அந்த இரத்தத்தைப் பார்க்கிறாள். குழந்தையைக் கடித்துவிட்டது என்று முடிவு கட்டி, கையில் இருந்த தண்ணீர்க் குடத்தை அதன்மேல் போட்டுக் கொன்றுவிடுகிறாள். உள்ளே போய்ப் பார்த்தால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பாம்பு துண்டாகக் கிடக்கிறது. இதே கதை வேல்ஸ் நாட்டிலும் வழங்குகிறது. அங்கே கீரிக்குப் பதிலாக ஒரு வேட்டை நாய். தாய்க்குப் பதிலாக ஓர் இளவரசன். மனிதர் எங்கே இருந்தாலும் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள் போலும்.

இக்கதையை ஒருமுறை இரண்டாம் ஆண்டு வகுப்பில் படித்து முடித்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பின் வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "அவங்க மொதல்ல கேட்டிருக்கலாம்ல டீச்சர்?" என்றான். அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

நாள் முழுதும் வெயிலில் குலை வெட்டியோ, ஆலையில் நின்றோ, அலுத்து வீடு திரும்புகிறோம். தட்டு உடைந்து கிடக்கிறது. சட்டை கிழிந்திருக்கிறது. தம்பி அழுகிறான். பெரியவன் முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டுத்தான் என்ன நடந்தது என்று கேட்கிறோம். சில நேரங்களில் கேட்பதும் இல்லை. கீரிப்பிள்ளைக் கதையை நம் வாயாலேயே பிள்ளைக்குப் படித்துக் காட்டிய பிறகு, கையை ஓங்கும்போது அந்தக் குடம் நினைவுக்கு வரும். நினைவுக்கு வராவிட்டால், "அம்மா, கீரிப்பிள்ளை!" என்று பிள்ளையே நினைவூட்டும். அப்படிச் சொல்ல நம் வீட்டில் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைப்பது பெரிய காரியம் அல்லவா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பஞ்சதந்திரம் முழுவதும் குழந்தைகளுக்கு ஏற்றதன்று. அரசியல் சூழ்ச்சி உண்டு. நண்பர்களைப் பிரித்து ஒருவரை ஒருவர் கொல்ல வைக்கும் நரியின் கதைதான் முதல் பகுதியே. பெண்களை இழிவாகக் காட்டும் கதைகளும் உண்டு. அவற்றைப் பிள்ளைக்குப் படிக்க வேண்டியதில்லை. தந்திரம் செய்தவன் தப்பித்தான் என்று முடியும் கதைகள் பல. "குரங்கு பொய் சொல்லிச்சே, நான் சொன்னா மட்டும் அடிக்கிறீங்களே?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் கோபப்படாதீர்கள். உயிர் போகும் இடத்தில் குரங்கு சொன்னதும், வீட்டுப் பாடம் செய்யாமல் செய்தேன் என்று சொல்வதும் ஒன்றா என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு வளரட்டும். அந்த மூன்று இளவரசர்களும் அப்படித்தான் கேட்டுக் கேட்டு அறிவு பெற்றிருப்பார்கள்.

புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? பஞ்சதந்திரத்துக்குத் தமிழில் பல பதிப்புகள் உண்டு. தாண்டவராய முதலியார் 1826இல் உரைநடையில் வெளியிட்ட பதிப்புத் தமிழ் உரைநடை வரலாற்றில் புகழ் பெற்றது. ஆனால் அந்த நடை சிறு பிள்ளைக்குக் கடினம். சிறுவர்களுக்காக எழுதப்பட்டதை வாங்குங்கள். கடையிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து ஐந்து வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால், அந்தப் பதிப்பை வைத்துவிடுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தால் நல்லது. வாங்க வசதி இல்லையென்றால் பள்ளி நூலகத்தில் கேளுங்கள். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி மாற்றி மாற்றிப் படித்தாலும் போதும்.

படிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வேண்டாம். பிள்ளையை எதிரே நிறுத்தாமல் பக்கத்தில் உட்கார வையுங்கள். எழுத்தின் கீழ் விரலை ஓட்டிக்கொண்டே மெதுவாகப் படியுங்கள். சிங்கத்துக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல் கொடுங்கள். வெட்கப்பட வேண்டாம், கேட்பது உங்கள் பிள்ளைதான். புரியாத சொல் வந்தால் வீட்டுத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போங்கள். கதை முடிந்ததும், "இதனால் அறியப்படும் நீதி என்ன?" என்று உடனே கேட்காதீர்கள். கேட்டால் கதை பாடமாகிவிடும். சொன்ன கதையையே மறுநாளும் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். மூன்றாம் முறை ஒரு சொல்லை நீங்கள் விட்டுவிட்டால் பிள்ளையே எடுத்துக் கொடுக்கும். ஒரு நாள் அந்தச் சொல்லின் மேல் தானே விரலை வைக்கும். படிப்பு அங்கே தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் படிக்க வரும்" என்கிற தாய்மார்களே, தடுமாறியே படியுங்கள். அம்மாவும் எழுத்துக்கூட்டுகிறாள், வெட்கப்படாமல் முயல்கிறாள் என்று பிள்ளை பார்ப்பது நல்லதுதான். அறவே எழுத்துத் தெரியாதவர்கள் கதையை வாயால் சொல்லுங்கள். மூத்த பிள்ளையைப் படிக்கச் சொல்லி இளைய பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். "அப்புறம் என்னாச்சு?" என்று நீங்கள் ஆசையோடு கேட்டால் போதும். படிக்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை. அப்பாமார்களும் இதில் சேர வேண்டும். படித்துக் காட்டுவது பெண்கள் வேலை என்று விட்டுவிடாதீர்கள். அந்த மூன்று பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டவன் ஒரு தகப்பன்தான்.

விஷ்ணுசர்மா கேட்டது ஆறு மாதம். நாமும் ஆறு மாதக் கணக்கே போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்றால், 180 இரவுகளில் 30 மணி நேரம். இதற்கு டியூஷன் கட்டணம் இல்லை, பேருந்துச் செலவு இல்லை. ஆறு மாதத்தில் உங்கள் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் புத்தகத்தைக் கண்டு அது பயப்படாது. உங்களிடம் பேச அதற்கு விஷயம் இருக்கும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அந்தப் பத்து நிமிடம், அது வளர்ந்து பெரியவனான பிறகும் அதன் நினைவில் இருக்கும்.

ஆகவே பெற்றோர்களே, இந்த வாரத்துக்குள் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். அது கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குரங்கும் முதலையும் கதை உங்களுக்குத் தெரியும். அதை இன்றிரவே சொல்லுங்கள். நடு ஆற்றில் நிறுத்த மறந்துவிடாதீர்கள்.